முன்சூல்வலிப்புத் தடுப்பில் ஆஸ்பிரின்: ஒரு வரலாறு

கருவுற்று 20 வாரங்கள் கடந்த ஒரு பெண்ணுக்கு இரத்த அழுத்தம் 140/90 அளவை எட்டி, அத்துடன் சிறுநீரில் புரதம் வெளியேறினாலோ, கல்லீரல், சிறுநீரகம், மூளை போன்ற உறுப்புகளில் பாதிப்பு தென்பட்டாலோ அந்நிலை முன்சூல்வலிப்பு எனப்படுகிறது. வலிப்பும் வந்துவிட்டால் அது சூல்வலிப்பு. பேச்சுவழக்கில் 'பிரசவ ஜன்னி' என்று அஞ்சப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. நூறு கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை முன்சூல்வலிப்பு ஏற்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2003 முதல் 2009 வரை நிகழ்ந்த தாய் மரணங்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டுக்குக் கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோய்களே காரணம்.

இந்நோய்க்கு ஒரே முடிவான தீர்வு பிரசவம்தான். நஞ்சுக்கொடி வெளியேறினால் நோய் தணியத் தொடங்கும். 38 வாரத்தில் நோய் வந்தால் இதனால் பெரிய இடர் இல்லை. 27 வாரத்தில் வந்தாலோ, தாயைக் காக்கக் குழந்தையைக் காலத்துக்கு முன்பே வெளியே எடுக்கவேண்டியிருக்கும். ஆகவே நோய் வராமல் தடுப்பதற்கு, குறைந்தது அதைத் தள்ளிப்போடுவதற்கு, ஒரு வழி கிடைக்குமா என்று மருத்துவர்கள் நெடுங்காலம் தேடினர். சில காசு விலையுள்ள ஆஸ்பிரின் மாத்திரை அந்தத் தேடலில் எப்படி நுழைந்தது, எப்படிக் கைவிடப்பட்டது, எப்படி மீண்டு வந்தது என்பது மருத்துவ ஆய்வுகளின் இயல்பைக் காட்டும் ஒரு வரலாறு.

நோயைப் புரிந்துகொண்ட விதம்

சூல்வலிப்பைக் குறிக்கும் மேலைநாட்டுச் சொல், மின்னல் போன்ற திடீர் ஒளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முன்னறிவிப்பின்றி வரும் நோய் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. முதல் பிரசவத்தில் வரும் வலிப்பே அதிக ஆபத்தானது என்பதைப் பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் பிரான்சுவா மொரிசோ 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். 1843-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் லீவர், வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்து அதில் அல்புமின் இருப்பதைக் கண்டார். இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896-இல் கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை உருவாக்கிய பிறகு, இந்தப் பெண்களுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருப்பது விரைவிலேயே தெரியவந்தது. இன்றும் கர்ப்பிணிகளுக்கு ஒவ்வொரு பரிசோதனையிலும் சிறுநீரும் இரத்த அழுத்தமும் பார்க்கப்படுவதற்கு இவையே அடிப்படை.

காரணம் மட்டும் பிடிபடவில்லை. ஏதோ ஒரு நச்சு இரத்தத்தில் சேர்கிறது என்று கருதி 'கர்ப்ப நச்சுநோய்' என்று பெயரிட்டனர். அந்த நச்சை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெயர் மட்டும் பாடநூல்களில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. ஜெர்மானிய மருத்துவர் ட்ஸ்வைஃபெல் இதைக் 'கோட்பாடுகளின் நோய்' என்று அழைத்தார்.

தெளிவான முதல் படி 1960-களில் வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஐவோ பிரோசன்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் கருப்பைச் சுவரில் உள்ள சுருள் தமனிகளை ஆராய்ந்தனர். இயல்பான கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் இந்தத் தமனிகளுக்குள் புகுந்து, அவற்றின் தசைச் சுவரைக் கரைத்து, அகன்ற குழாய்களாக மாற்றுகின்றன. முன்சூல்வலிப்பு வந்த பெண்களிடம் இந்த மாற்றம் அரைகுறையாகவே நடந்திருந்தது. அகலமாக வேண்டிய குழாய் குறுகியே இருப்பதால் நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை. இந்த மாற்றம் பெரும்பகுதி கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே நடந்து முடிகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பின்னால் வரும் சர்ச்சைக்கு அதுவே மையம்.

வலிநிவாரணியிலிருந்து இரத்தத் தட்டுகள் வரை

ஆஸ்பிரினின் முற்கதை பலரும் அறிந்ததே. இங்கிலாந்தின் பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன் 1763-இல் வில்லோ மரப்பட்டைப் பொடி காய்ச்சலைத் தணிப்பதாக ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பேயர் நிறுவனத்தின் பெலிக்ஸ் ஹாஃப்மன் 1897-இல் தூய அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தைத் தயாரித்தார். 1899-இல் 'ஆஸ்பிரின்' என்ற பெயர் பதிவானது. அந்தப் பெருமையில் தனக்குப் பங்குண்டு என்று அதே நிறுவனத்தின் ஆர்தர் ஐஷன்க்ரூன் பின்னாளில் உரிமை கோரினார்.

இந்த மருந்து இரத்த உறைவைக் குறைக்கிறது என்பதை முதலில் ஊன்றிக் கவனித்தவர்களில் ஒருவர் கலிபோர்னியாவின் லாரன்ஸ் கிரேவன் என்ற பொது மருத்துவர். தொண்டைச்சதை அறுவைக்குப் பின் ஆஸ்பிரின் கலந்த மெல்லும் பசையை அதிகமாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரத்தக்கசிவு கூடியதைக் கண்டு, மாரடைப்பைத் தடுக்க அதைத் தரலாம் என்று 1950-களில் எழுதினார். ஒப்பீட்டுக் குழு எதுவும் இல்லாத அவரது பதிவுகளை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை.

விளக்கம் 1971-இல் கிடைத்தது. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருட்களின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று இலண்டனில் ஜான் வேன் நிறுவினார். 1975-இல் த்ராம்பாக்சேன் கண்டறியப்பட்டது. இரத்தத் தட்டுகளில் உருவாகும் இது தட்டுகளை ஒட்டவைத்துக் குழாய்களைச் சுருக்கும். மறு ஆண்டு கண்டறியப்பட்ட புரோஸ்டாசைக்ளின் இதற்கு நேர்மாறானது. அது குழாய்ச் சுவரில் உருவாகி, குழாய்களை விரித்து, தட்டுகள் ஒட்டுவதைத் தடுக்கும். வேன், பெரிஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகிய மூவரும் 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரத்தத் தட்டுகளுக்கு உட்கரு இல்லை. ஆஸ்பிரின் அவற்றின் நொதியை ஒருமுறை முடக்கிவிட்டால், அந்தத் தட்டு தன் 7 முதல் 10 நாள் வாழ்நாள் முழுவதும் த்ராம்பாக்சேனை உருவாக்க முடியாது. குழாய்ச் சுவரின் உயிரணுக்களோ புதிய நொதியைச் செய்துகொள்ளும். ஆகவே சிறு அளவு ஆஸ்பிரின் த்ராம்பாக்சேனை மட்டும் பெருமளவு குறைத்து, புரோஸ்டாசைக்ளினைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். முன்சூல்வலிப்பு வந்தவர்களின் நஞ்சுக்கொடி த்ராம்பாக்சேனை மிகுதியாகவும் புரோஸ்டாசைக்ளினைக் குறைவாகவும் சுரக்கிறது என்று 1985-இல் அமெரிக்காவின் ஸ்காட் வால்ஷ் காட்டியபோது, பூட்டுக்கும் சாவிக்கும் பொருத்தம் கிடைத்துவிட்டதாகவே தோன்றியது.

நம்பிக்கையின் ஆண்டுகள்

இதற்குச் சற்று முன்பே சிறு குறிப்புகள் வரத் தொடங்கியிருந்தன. 1978-இல் அமெரிக்காவின் குட்லினும் உடன் பணியாற்றியவர்களும், மீண்டும் மீண்டும் இந்நோய் வந்த ஒரு பெண்ணுக்கு ஆஸ்பிரின் கொடுத்த அனுபவத்தை 'லான்செட்' இதழில் எழுதினர். மறு ஆண்டு அதே இதழில் கிராண்டன், இஷர்வுட் ஆகியோர், கர்ப்ப காலத்தில் ஆஸ்பிரினை அடிக்கடி உட்கொண்டவர்களிடம் முன்சூல்வலிப்பு குறைவாக இருந்ததைச் சுட்டினர்.

முறையான முதல் ஒப்பீட்டு ஆய்வு 1985-இல் பாரிசிலிருந்து வந்தது. மிஷேல் போஃபிஸ் குழுவினர் இடர் மிகுந்த 102 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப்போட்டதுபோல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 150 மி.கி. ஆஸ்பிரினும் டைபிரிடமோல் என்ற மற்றொரு மருந்தும் மூன்றாம் மாதம் முதல் கொடுத்தனர். மருந்து பெறாத பிரிவில் 6 பேருக்கு முன்சூல்வலிப்பு வந்தது. பெற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. 1986-இல் ரோட்டர்டாமின் வாலன்பர்க் குழு 46 பெண்களைத் தேர்ந்தெடுத்தது. ஆஞ்சியோடென்சின் என்ற பொருளைச் செலுத்தும்போது இரத்த அழுத்தம் எளிதில் ஏறிய பெண்கள் இவர்கள். அந்த இயல்பு நோய்க்குப் பல வாரங்கள் முன்பே தோன்றும் என்பதை 1973-இல் டாலஸ் நகரில் நார்மன் கான்ட் காட்டியிருந்தார். போலி மாத்திரை பெற்ற 23 பேரில் 12 பேருக்கு உயர் இரத்த அழுத்தமோ அதைவிடக் கடுமையான நிலையோ ஏற்பட்டது. 60 மி.கி. ஆஸ்பிரின் பெற்ற 23 பேரில் இருவருக்கு மட்டும் இலேசாக ஏற்பட்டது.

இவ்வளவு பெரிய பலன் மருத்துவத்தில் அரிது. ஆனால் 46 பேர் என்பது 46 பேர்தான். பலன் தராத சிறு ஆய்வுகள் அச்சேறாமலே போவதும் உண்டு. அன்றைய உற்சாகத்தில் இதைப் பலர் மறந்தனர்.

கிளாஸ்ப் ஆய்வும் ஏமாற்றமும்

ஆக்ஸ்போர்டிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட கிளாஸ்ப் ஆய்வு இதற்குத் தீர்ப்பு சொல்லும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 16 நாடுகள், 213 மருத்துவமனைகள், 9,364 பெண்கள், தினம் 60 மி.கி. 1994-இல் வெளியான முடிவின்படி, ஆஸ்பிரின் பெற்றவர்களில் 6.7 விழுக்காட்டினருக்கும் போலி மாத்திரை பெற்றவர்களில் 7.6 விழுக்காட்டினருக்கும் முன்சூல்வலிப்பு வந்தது. அதாவது 12 விழுக்காடு குறைவு. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய அளவுதான்.

அமெரிக்காவிலும் இதே கதை. முதல் குழந்தையைச் சுமந்த ஏறத்தாழ 3,000 பெண்களிடம் சிபாய் குழு 1993-இல் செய்த ஆய்வில் 6.3 விழுக்காடு 4.6 ஆகக் குறைந்தது. ஆனால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துபோவது ஆஸ்பிரின் பிரிவில் 11 பேருக்கும் மறு பிரிவில் 2 பேருக்கும் நேர்ந்தது. இந்த அச்சம் பின்னர் கிளாஸ்பின் பெரிய எண்ணிக்கையில் உறுதிப்படவில்லை. 1998-இல் காரிட்டிஸ் குழு இடர் மிகுந்த 2,539 பெண்களை ஆராய்ந்தது. இன்சுலின் எடுத்துக்கொண்ட சர்க்கரை நோயாளிகளில் 22 விழுக்காடு 18 ஆனது. நாட்பட்ட உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 25-க்கு எதிராக 26. எந்தப் பிரிவிலும் உறுதியான பலன் இல்லை. பிரேசில், பார்படோஸ், ஜமைக்கா ஆய்வுகளும் ஏறக்குறைய அதையே சொல்லின. பல மருத்துவமனைகளில் ஆஸ்பிரின் ஓரங்கட்டப்பட்டது.

ஆனால் கிளாஸ்ப் அறிக்கைக்குள் ஒரு துப்பு கிடந்தது. குழந்தை எவ்வளவு முன்கூட்டிப் பிறந்ததோ, அந்த அளவுக்கு ஆஸ்பிரினின் பலன் கூடுதலாக இருந்தது. ஆய்வாளர்களும் இதைக் குறிப்பிட்டு, மிக முன்னதாகவே கடுமையான நோய் வரக்கூடிய பெண்களுக்கு மருந்து பொருந்தலாம் என்று எழுதினர். தலைப்புச் செய்தியில் அது இடம்பெறவில்லை. மாதம் நிறைந்தபின் வரும் நோயையும் 30 வாரத்தில் வரும் நோயையும் ஒரே கணக்கில் சேர்த்ததுதான் அந்தக் காலத்து ஆய்வுகளின் பெரிய குறை என்று இன்று சொல்லலாம்.

எப்போது, எவ்வளவு

2007-இல் ஆஸ்திரேலியாவின் லிசா ஆஸ்கி குழு, 31 ஆய்வுகளில் பங்கேற்ற 32,217 பெண்களின் தரவுகளைத் தனித்தனி நபர் அளவில் திரட்டி ஆராய்ந்தது. நோய் 10 விழுக்காடு குறைந்தது. சிறிய பலன், ஆனால் உண்மையான பலன். 2010-இல் கனடாவின் இம்மானுவேல் புஷோல் குழு வேறொரு கோணத்தில் பார்த்து, 16 வாரத்துக்கு முன் தொடங்கினால் நோய் பாதிக்கும் மேல் குறைகிறது, பிறகு தொடங்கினால் பலன் இல்லை என்றது. சுருள் தமனிகளின் மாற்றம் முற்பாதியில் நடக்கிறது என்ற அறிவோடு இது அழகாகப் பொருந்தியது.

பொருத்தம் அழகாக இருப்பது மட்டும் சான்றாகாது. 28 வாரத்தில் மருந்து தொடங்கிய ரோட்டர்டாம் ஆய்வு எப்படிப் பலன் காட்டியது என்ற கேள்விக்கு இதில் விடையில்லை. 2017 பிப்ரவரியில் ஒரே அமெரிக்க இதழின் ஒரே வெளியீட்டில் இரு கட்டுரைகள் வந்தன. ஒன்று, 16 வாரத்துக்கு முன், 100 மி.கி. அல்லது கூடுதலாகக் கொடுப்பதே சிறந்தது என்றது. மற்றொன்று, தொடங்கும் வாரத்தால் பெரிய வேறுபாடு இல்லை என்றது. முன்னது வெளியான முடிவுகளைத் தொகுத்தது. பின்னது தனிநபர் தரவுகளைத் தொகுத்தது. முறை மாறினால் முடிவும் மாறுகிறது என்பதற்கு மாணவர்கள் இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

அளவைப் பற்றியும் ஒரு செய்தி. அமெரிக்காவின் 81 மி.கி. என்ற விந்தையான எண் கர்ப்பிணிகளுக்காகக் கணக்கிடப்பட்டதல்ல. 5 கிரெயின் மாத்திரையின் கால் பங்கான பழைய குழந்தைகள் மாத்திரை அது. இந்தியாவில் 75, 150 மி.கி. மாத்திரைகள் இதய நோயாளிகளுக்காக வழக்கத்திலிருந்தவை. பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகளின் அளவை, கடையில் என்ன கிடைத்தது என்பதும் ஓரளவு தீர்மானித்தது.

ஆஸ்ப்ரே, 2017

சைப்ரஸில் பிறந்து இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றிய கிப்ரோஸ் நிக்கோலைடஸ், முதலில் யாருக்கு மருந்து தேவை என்பதைத் துல்லியமாகக் கண்டறிய வேண்டும் என்று வாதிட்டார். பெண்ணின் வயது, எடை, முந்தைய வரலாறு, சராசரி இரத்த அழுத்தம், கருப்பைத் தமனியின் ஸ்கேன் அளவு, நஞ்சுக்கொடி சுரக்கும் இரு புரதங்களின் அளவு ஆகியவற்றை 11 முதல் 13 வாரத்தில் சேர்த்துக் கணக்கிடும் முறையை அவரது குழு உருவாக்கியது.

இந்த முறையில் 26,941 பெண்கள் பரிசோதிக்கப்பட்டு, இடர் மிகுந்த 1,776 பேர் ஆஸ்ப்ரே ஆய்வில் சேர்ந்தனர். தினம் இரவு 150 மி.கி., 36 வாரம் வரை. 37 வாரத்துக்கு முன் பிரசவத்தில் முடியும் முன்சூல்வலிப்பு, போலி மாத்திரை பெற்றவர்களில் 4.3 விழுக்காடு, ஆஸ்பிரின் பெற்றவர்களில் 1.6 விழுக்காடு. மாதம் நிறைந்தபின் வரும் நோயில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. கிளாஸ்பின் பழைய துப்பு 23 ஆண்டுகள் கழித்து முதன்மை முடிவாக நிமிர்ந்து நின்றது.

பின்னர் வந்த உட்பகுப்பாய்வுகளில் இரண்டு கவனிக்கத்தக்கவை. பத்தில் ஒன்பது மாத்திரைகளையாவது தவறாமல் உட்கொண்டவர்களிடம் பலன் மிகக் கூடுதலாகவும், அடிக்கடி விட்டவர்களிடம் குறைவாகவும் இருந்தது. மற்றொன்று, கர்ப்பத்துக்கு முன்பே இரத்த அழுத்தம் இருந்த பெண்களிடம் பலன் தென்படவில்லை. அவர்கள் 110 பேர் மட்டுமே என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் 1998-இல் காரிட்டிஸ் கண்டதும் இதுவே.

எடை, சர்க்கரை, இன்சுலின்

முன்சூல்வலிப்பு நஞ்சுக்கொடியோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. கர்ப்பத்துக்கு முன் உடல் நிறைக் குறியெண் 5 முதல் 7 புள்ளிகள் கூடும்போதெல்லாம் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று 2003-இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வாய்ப்பு மூன்றரை மடங்கு. 2008-இல் பல நாடுகளில் 25,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த ஹாப்போ ஆய்வு, சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாத அளவிலும்கூட, இரத்தச் சர்க்கரை ஏற ஏற முன்சூல்வலிப்பும் கூடுவதைக் காட்டியது. இதில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. சென்னையின் மருத்துவர் வீ. சேஷய்யா, உணவருந்தியிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுகோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை இரத்தம் பார்க்கும் எளிய முறையை வலியுறுத்தினார். இந்தியாவின் தேசிய வழிகாட்டுதல் அந்த முறையையே ஏற்றது.

ஆஸ்பிரின் இந்த வளர்சிதை மாற்றக் கோளாற்றையும் சரிசெய்யுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. ஜெர்மனியின் எப்ஸ்டைன் 1876-இலும் மான்செஸ்டரின் வில்லியம்சன் 1901-இலும், சோடியம் சாலிசிலேட் கொடுத்தால் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதைப் பதிவுசெய்தனர். அழற்சியைத் தூண்டும் ஒரு நொதியை இம்மருந்து அடக்குவதால் இன்சுலின் நன்கு வேலை செய்கிறது என்ற விளக்கம் நூறாண்டு கழித்து, 2001-இல் பாஸ்டனில் ஸ்டீவன் ஷோல்சன் குழுவிடமிருந்து வந்தது. ஆனால் அவையெல்லாம் நாளுக்குப் பல கிராம் என்ற அளவுகள். கர்ப்பிணிகளுக்குத் தரும் 75 முதல் 150 மி.கி. அந்த வேலையைச் செய்யாது. ஆஸ்பிரின் சர்க்கரையைக் குறைக்கும் என்ற பரவலான செய்தியை இங்கே பொருத்திப் பார்ப்பது தவறு.

எதிர்த்திசையில் உள்ள தொடர்பே முக்கியமானது. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இரத்தத் தட்டுகள் விரைவாகப் புதுப்பிக்கப்படுகின்றன. காலையில் விழுங்கிய ஆஸ்பிரின் இரவுக்குள் வந்துசேரும் புதிய தட்டுகளைத் தொடுவதில்லை. உடல் எடையும் குறுக்கிடுகிறது. 75 முதல் 100 மி.கி. ஆஸ்பிரின் 70 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கே இதயப் பாதுகாப்பு தந்தது என்று 2018-இல் ரோத்வெல் குழு காட்டியது. அது கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வல்ல. எனினும் எடை கூடிய கர்ப்பிணிக்கு 75 மி.கி. போதுமா என்ற ஐயத்தை அது வலுப்படுத்தியது.

மெட்ஃபார்மின் கதையும் இதனருகே வைக்கத்தக்கது. 2016-இல் நிக்கோலைடஸ் குழு, உடல் நிறைக் குறியெண் 35-க்கு மேற்பட்ட, சர்க்கரை நோய் இல்லாத 450 கர்ப்பிணிகளுக்கு மெட்ஃபார்மின் கொடுத்துப் பார்த்தது. முன்சூல்வலிப்பு 11.3 விழுக்காட்டிலிருந்து 3.0 ஆனது. அது ஆய்வின் முதன்மைக் கேள்வியல்ல. அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான மற்றொரு பிரித்தானிய ஆய்வில் இப்பலன் இல்லை. 1986-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் இதை எச்சரிக்கையோடு படிக்கின்றனர்.

இன்றைய நிலை

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் இடர் மிகுந்தவர்களுக்கு 75 மி.கி. ஆஸ்பிரினை 20 வாரத்துக்கு முன் தொடங்கப் பரிந்துரைத்தது. பிரித்தானிய வழிகாட்டுதல் 2019-இல் 75 முதல் 150 மி.கி. என்று அளவை விரித்தது. 2019-இன் காக்ரேன் தொகுப்பு 77 ஆய்வுகளில் இருந்த 40,249 பெண்களை உள்ளடக்கியது. ஏறத்தாழ 61 பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவருக்கு முன்சூல்வலிப்பு தவிர்க்கப்படுகிறது என்பது அதன் கணக்கு. பிரசவத்தின்போது இரத்தப்போக்கு சற்றுக் கூடலாம் என்பதும் அதிலேயே உண்டு. வயிற்றுப்புண்ணோ இரத்தக்கசிவுக் கோளாறோ உள்ளவர்களுக்கு இம்மருந்து பொருந்தாமல் போகலாம். அதனால்தான் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் என்றோ, தாமாகவே வாங்கி உண்ணலாம் என்றோ எந்த வழிகாட்டுதலும் சொல்வதில்லை.

ஸ்கேனும் புரதப் பரிசோதனையும் எட்டாத ஊர்களில் என்ன செய்வது என்ற கேள்விக்கு 2020-இல் ஒரு விடை வந்தது. இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சாம்பியா, காங்கோ மக்களாட்சிக் குடியரசு, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில், முதல் குழந்தையைச் சுமந்த 11,976 பெண்களிடம் 81 மி.கி. ஆஸ்பிரின் சோதிக்கப்பட்டது. இந்தியாவில் பெலகாவியும் நாக்பூரும் களங்கள். இடர்க் கணக்கீடு எதுவும் இல்லை. 6 வாரம் முதலே மருந்து தொடங்கப்பட்டது. குறைமாதப் பிரசவம் 13.1 விழுக்காட்டிலிருந்து 11.6 ஆனது. உயர் இரத்த அழுத்தத்தோடு 34 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்கள் 0.4 விழுக்காட்டிலிருந்து 0.1 ஆகக் குறைந்தனர்.

நோயின் 'நச்சு' எது என்ற நூறாண்டுக் கேள்விக்கும் இதற்கிடையே ஒரு விடை கிடைத்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பாஸ்டனில் பணியாற்றிய ஆனந்த் கருமாஞ்சியின் குழு 2003-இல், நஞ்சுக்கொடி மிகையாகச் சுரக்கும் எஸ்-பிளிட்-1 என்ற புரதம் தாயின் இரத்தக்குழாய்களுக்குத் தேவையான வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்று காட்டியது. எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் தோன்றின. இப்புரதத்தையும் நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணியையும் ஒப்பிடும் இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-இல் ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு ஸ்பெயினில் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பரிசோதனையில் 24 முதல் 28 வாரத்துக்குள் அளவு இயல்பாக இருந்த பெண்களுக்கு ஆஸ்பிரினை அப்போதே நிறுத்தியது. 36 வாரம் வரை தொடர்ந்தவர்களைவிட அவர்களுக்குக் குறைமாத முன்சூல்வலிப்பு கூடவில்லை, இரத்தக்கசிவு குறைந்தது.